பனியில் இறங்கிய டுட்டு

ஆட்டோவின் பின்சீட்டை முழுவதுமாக அது எடுத்துக்கொண்டது. ரிஃபாவும் அவள் அம்மா நஜ்மாவும் ஆளுக்கொரு ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னால், டிரைவர் சீட்டில் பாதியை வாங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளையாக, வட்டமாக, தட்டையாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்னச் சட்டை நிமிர்ந்து நின்றது. தூசி படக்கூடாது என்று மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்தியிருந்தோம். காற்று வந்தபோது துணி ஆடியது, அது ஆடவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

"என்னக்கா அது, அப்பளமா?" என்று டிரைவர் கேட்டார்.

"டுட்டு."

"திங்கறதா?"

"போட்டுக்கறது."

அவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப கெட்டியாப் புடிச்சுக்குங்க. பாலத்துக்கிட்ட ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆண்டு விழாக் காலத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

மாசி மாதம். இரண்டு பக்கமும் சம்பா அறுத்து முடித்த வயல். அறுவடை மெஷின் போன தடங்களுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டியிருந்தது. இந்த உளுந்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

விவசாயி வேஷம்

தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் கடைத்தெருவில் பிள்ளைகளுக்கு வேஷ டிரெஸ் வாடகைக்கு விடுகிறேன். மயில், முயல், வண்ணத்துப்பூச்சி, தக்காளி, கத்தரிக்காய், ராஜா, ராணி, போலீஸ், டாக்டர் எல்லாம் உண்டு. ஊரில் பிள்ளைகள் என்னை ஃபேன்சி டிரெஸ் ஆன்ட்டி என்கிறார்கள். என் கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் அவரை ஃபேன்சி டிரெஸ் சார் என்கிறார்கள். அதில் அவருக்கு வருத்தம் உண்டு.

என் கடையில் மிக அதிகமாகப் போவது விவசாயி வேஷம். சுற்றிலும் நெல் வயல். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வயலிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல் கடைக்கு வருகிறார்கள். பச்சைத் துண்டு, தலைப்பாகை, பிளாஸ்டிக் அரிவாள் என்று வாடகைக்கு எடுத்துப் போகிறார்கள். "உங்க தோள்ல இருக்கிற துண்டையே குடுத்து அனுப்பலாமே?" என்று ஒருவரிடம் கேட்டேன். "இது அழுக்கா இருக்கும்மா, மேடையில பாத்தா விவசாயி மாதிரி இருக்காது" என்றார். நியாயம்தான் என்று பட்டது. கொடுத்தனுப்பினேன்.

மயில் தோகை கழன்று விழுந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். தக்காளிக்குள் மாட்டிக்கொண்ட பையனைப் பற்றி அவன் பெற்றோர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். டுட்டு விஷயத்தில் நஜ்மா எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பெயரை மட்டும் நானே மாற்றியிருக்கிறேன்.

ஜவுளிக்கடைப் பையில்

பொங்கல் முடிந்த பிறகு ஒரு நாள் நஜ்மா கடைக்கு வந்தாள். ராஜகிரிப் பக்கம் வீடு. கணவனுடனும் மகளுடனும் பல வருஷம் ஷார்ஜாவில் இருந்தவள். அங்கே அவர் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருக்கு வேலை தப்பியது, ஆனால் குடும்பத்தை வைத்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. அம்மாவும் மகளும் ஊருக்கு வந்தார்கள். அவர் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டார். "ஒரு வருஷம் பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லியிருந்தாராம். அந்த ஒரு வருஷம் முடிந்து, அடுத்ததும் பாதி போயிருந்தது.

கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதிலிருந்து வெளியே எடுத்ததைப் பார்த்தபோது கசங்கிய காலிஃப்ளவர் என்றுதான் நினைத்தேன். என் காய்கறி வரிசையில் காலிஃப்ளவர் இல்லாததால் ஆர்வமாகக் கையை நீட்டினேன்.

"இதை நிமித்திக் குடுக்க முடியுமாக்கா?"

"என்னதும்மா இது?"

பின்னால் நின்ற மகள்தான் பதில் சொன்னாள். "டுட்டு. பாலே டான்ஸ் ஆடறப்போ போடறது. இது இப்படி இருக்காது ஆன்ட்டி. தட்டையா நிக்கும்." இரண்டு கையையும் இடுப்பிலிருந்து நேராக நீட்டிக் காட்டினாள். நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தாள். குதிகாலைச் சேர்த்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது அவள் வழக்கம். முதலில் காலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

ஷார்ஜாவில் ஒரு கடை வளாகத்தின் மாடியில் பாலே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வருஷக் கடைசி நிகழ்ச்சிக்காக அவள் அத்தா, அதாவது அப்பா, வாங்கிக்கொடுத்த டுட்டு அது. நிகழ்ச்சிக்கு முன்பே டிக்கெட் போட வேண்டியதாகிவிட்டது. ஊருக்கு வந்த பெட்டியில், குக்கர் அட்டைப்பெட்டிக்கு அடியில் டுட்டுவும் வந்தது. பிறகு இங்கே பரணில், போர்வை மூட்டைக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"ஒரு தடவகூட மேடை ஏறலக்கா" என்றாள் நஜ்மா.

போட்டுப் பார்க்கச் சொன்னேன். முதுகுப் பக்கம் கொக்கிகள். கடைசி வரிசைக்குத்தான் எட்டியது, அதுவும் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால்.

"புதுசா ஒண்ணு தச்சுடலாமே" என்றேன்.

"இதுதான் அத்தா வாங்குனது" என்றாள் ரிஃபா. பிறகு கொக்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் பத்தாது. இந்த வருஷம்தான் முடியும்" என்றாள்.

என் கடையில் அழாத பிள்ளை கிடையாது. ராணி வேஷம் கிடைக்கவில்லை என்று தரையில் புரண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் அழவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஒரே ஒரு தடவை இதைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும், அதை விட்டால் இடுப்பு பத்தாது என்று கணக்காகச் சொல்லிவிட்டு நின்றாள். எனக்கு அழுகிற பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரியும். இவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏறிய கதை

ஒரு துணியைக் கையில் எடுத்தால் அதன் பூர்வோத்தரம் தெரியாமல் எனக்கு ஊசி ஓடாது. மதியம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் போனில் தேடிப் படித்தேன், காணொளிகள் பார்த்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

டுட்டு முதலில் நீளமாகத்தான் இருந்திருக்கிறது. இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, ஐரோப்பாவில் பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடத் தொடங்கிய காலம். காட்டு தேவதை, ஆவி, கல்யாணத்துக்கு முன் இறந்துபோன பெண் என்று வேஷங்கள். தரையில் கால் படாத மாதிரி தெரிய வேண்டும். அதற்காக மெல்லிய வெள்ளைத் துணியில், கணுக்காலுக்கு மேல் வரைக்கும் மணி கவிழ்த்தாற்போல் பாவாடை. மஸ்லின் என்கிற அந்த மெல்லிய துணி வங்காளத்துப் பக்கத்திலிருந்து அங்கே போய்ப் பெயர் வாங்கியது. நம் ஆட்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று படித்ததும் உற்சாகமாக இருந்தது. என் கணவரிடம் சொன்னேன். "வங்காளம் எங்க, பாபநாசம் எங்க" என்றார்.

அப்புறம் காலில் வேலை அதிகமாயிற்று. குதித்து, சுற்றி, காற்றில் பாதத்தைத் தட்டி ஆட ஆரம்பித்தார்கள். இத்தனை பாடுபட்டு ஆடுவது பாவாடைக்குள் ஒளிந்துகொண்டால் யாருக்கு லாபம்? பாவாடை கணுக்காலை விட்டு முட்டிக்கு ஏறியது. முட்டியை விட்டு மேலே ஏறியது. கடைசியில் இடுப்பிலேயே குறுக்காக நின்றுவிட்டது. மஸ்லின் போய் வலைத்துணி வந்தது. கொசுவலைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வைத்து, மேலடுக்கைக் கீழடுக்கு தாங்குகிற மாதிரி தைப்பார்கள். சிலதில் உள்ளே கம்பி வளையம்கூட உண்டு. வேலை முடிந்ததும் தலைகீழாகத்தான் தொங்கவிட வேண்டும். நேராகத் தொங்கவிட்டால் அடுக்குகள் சரிந்துவிடும்.

நீளப் பாவாடைக் காலத்தில் மேடை ஓரத்தில் வாயு விளக்குகள் எரிந்திருக்கின்றன. விளக்கைத் தாண்டிப் போனபோது பாவாடையில் தீப்பிடித்து இறந்துபோன பெண்கள் இருக்கிறார்கள். தீப்பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனத்தில் துணியை முக்கச் சொன்னார்களாம். முக்கினால் துணி மஞ்சளித்து, விறைத்து, மிதக்காமல் போனது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெரிந்தே பழைய துணியில் ஆடியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆண்டு விழா மேடையில் குத்துவிளக்கை எந்த மூலையில் வைப்பீர்கள் என்று பள்ளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். எதிர்மூலையில் வைக்க ஏற்பாடு செய்த பிறகுதான் மறுபடி ஊசியை எடுத்தேன்.

டுட்டு என்ற சொல்லுக்கு பிரெஞ்சில் என்ன அர்த்தம் என்பதையும் படித்தேன். குழந்தைப் பேச்சிலிருந்து வந்தது என்கிறார்கள். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை என்பதால் விட்டுவிடுகிறேன்.

கொஞ்சம் இறக்க முடியுமா

பள்ளியின் தாளாளர் கடைக்கு வந்தார். இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் நிலபுலன் அதிகம் இருந்த குடும்பம். இப்போது நிலம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நல்ல மனிதர். எதையும் நேராகச் சொல்லாமல் சுற்றிக்கொண்டு வருவார்.

தைத்துக்கொண்டிருந்த டுட்டுவைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த முயல் காதை எடுத்துப் பார்த்தார். மறுபடி டுட்டுவைப் பார்த்தார்.

"பொண்ணு நல்லா ஆடுதாம். டீச்சருங்க சொன்னாங்க."

"ஆமாங்க சார்."

"பேரன்ட்ஸ் எல்லாரும் வருவாங்க. சீஃப் கெஸ்ட் வர்றாரு."

"வரட்டுங்க சார்."

"இது இவ்வளவு மேல நிக்கணும்னு இருக்கா? கொஞ்சம் இறக்க முடியுமான்னு பாருங்களேன்."

காலை முழுவதும் மூடுகிற வெள்ளை லெக்கிங்ஸ் போடுகிறாள், பெற்ற தாய்க்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னேன். அது சரிதான், இருந்தாலும் என்றார். கணுக்காலிலிருந்து இடுப்புக்கு ஏற இதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது, நீங்கள் ஒரு வாரத்தில் இறக்கச் சொல்கிறீர்கள் என்றேன். அவர் சிரித்தார். "பாருங்க, பாருங்க, முடிஞ்சா பாருங்க" என்று சொல்லிவிட்டு முயல் காதை வைத்துவிட்டுப் போனார்.

நான் பார்க்கவில்லை. நிற்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

கஞ்சி என்றால் நாங்கள்

கிழிந்த அடுக்குகளை மாற்றுவது சுலபம். இப்போதெல்லாம் கவுனுக்கும் லெஹங்காவுக்கும் உள்ளே வைக்கிற கேன்கேன் வலை கும்பகோணத்தில் கிடைக்கிறது. வாங்கி வந்து வைத்துத் தைத்தேன். ஆனால் மேலடுக்குகள் போர்வை மூட்டைக்கு அடியில் கிடந்து உயிர் விட்டிருந்தன. ஆவி பிடித்தேன், நிமிர்ந்தது. ஆறியதும் படுத்துக்கொண்டது.

கம்பி வளையம் வைத்துப் பார்த்தேன். ரிஃபா ஒரு குதி குதித்தாள். அவள் இறங்கிய பிறகும் வளையம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. "முறம் புடைக்கிற மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றாள். அவள் ஊருக்கு வந்து முறத்தைப் பார்த்தே ஒன்றரை வருஷம்தான் ஆகியிருக்கும். உவமை சரியாக இருந்தது. வளையத்தைக் கழற்றினேன்.

அப்போதுதான் அந்த வரியைப் படித்தேன். அந்தக் காலத்தில் ஆட்டப் பாவாடைகளை ஸ்டார்ச் போட்டு விறைக்க வைப்பார்களாம்.

ஸ்டார்ச் என்றால் கஞ்சி. கஞ்சி என்றால் நாங்கள். ஊர் பூராவும் குக்கருக்கு மாறிவிட்டாலும் என் கணவரின் சர்க்கரை உபயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் சோறு வடிக்கிறோம். எத்தனையோ பருத்திப் புடவைகளைப் பலகை மாதிரி நிற்க வைத்த கை என்னுடையது. இவ்வளவு நாள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

கெட்டியான வடிகஞ்சி எடுத்து வடிகட்டி, வெள்ளை எடுப்பாகத் தெரிய இரண்டு சொட்டு நீலம் விட்டு, அடுக்கு அடுக்காக முக்கினேன். மொட்டை மாடிக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பக்கத்து மாடியிலிருந்து, "வடாம் மூடறதுக்காக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மாசி வெயில் நன்றாகக் காய்ந்தது. எறும்பு மட்டும் வந்தது. எறும்புப் பொடியைச் சுற்றிலும் போட்டேன்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது அது நின்றது. சும்மா இல்லை, விரலால் சுண்டினால் சத்தம் வந்தது. ரிஃபா போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தொங்கவிட்டாள். கைகள் கீழே போகவில்லை, டுட்டுவின் மேலேயே படிந்து நின்றன. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதேதான் ஆன்ட்டி" என்றாள். பிள்ளைகள் எனக்கு எவ்வளவோ தாங்க்ஸ் சொல்லியிருக்கிறார்கள், பெற்றோர் சொல்லச் சொல்லி. இப்படி ஒருத்தியும் சொன்னதில்லை.

"ஒரு மாதிரி வாசம் வருது" என்று மட்டும் சொன்னாள். ஆண்டு விழாவுக்குள் போய்விடும் என்றேன்.

உளுந்துக்கு நல்லது

ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் நின்றது. டுட்டுவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாமி இறக்குவதுபோல் இறக்கினோம். திறந்த மைதானம். மூன்று பக்கமும் வயல். மேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் தக்காளியும் போலீசும் விவசாயிகளும் அடைந்து கிடந்தார்கள். அந்த நெரிசலில் டுட்டு தாங்காது. அதனால் நாங்கள் கொட்டகைக்கு வெளியே, திறந்த வெளியில் நின்றோம். அங்கேயே கொக்கியை மாட்டிவிட்டேன். கடைசி வரிசையில், மூச்சை இழுத்துப் பிடித்து.

ரிஃபாவின் ஆட்டம் வரவேற்புரைக்கு அடுத்து என்று போட்டிருந்தது. வரவேற்புரைக்கு முன் சீஃப் கெஸ்ட் வர வேண்டும். அவர் திருக்காட்டுப்பள்ளி தாண்டிவிட்டார் என்றார்கள். நெடுநேரம் தாண்டிக்கொண்டே இருந்தார். வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. அவருக்கு அடுத்த ஊரில் இன்னொரு விழா இருப்பதால் பேச்சையெல்லாம் முதலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

நான் பாபநாசத்துக்காரி. மாசியில் இருட்டினால் பனி இறங்கும் என்று எனக்குத் தெரியும். கஞ்சி போட்ட துணி ஈரம் பட்டால் என்னவாகும் என்றும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

வரவேற்புரை முடிந்தபோது டுட்டுவின் ஓரம் லேசாகத் தாழ்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது. ஆண்டறிக்கை வாசித்தார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி. டுட்டு இன்னும் இறங்கியது. நஜ்மா தன் துப்பட்டாவை எடுத்து மேலே விரித்தாள். துப்பட்டாவும் நனைந்து, அதன் எடையும் சேர்ந்துகொண்டது. கழற்றிக் கொட்டகைக்குள் வைக்கலாம் என்றால் இறுகியிருந்த கொக்கியில் என் விரல் வழுக்கியது. தாளாளர் பேசினார். நான் படித்து வைத்திருந்த சரித்திரம் முழுவதும் என் கண்ணெதிரே பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தது. இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தது. தொடையிலிருந்து முட்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

கடைசியாக சீஃப் கெஸ்ட். கல்வியின் அவசியத்தில் தொடங்கி விவசாயத்துக்கு வந்து சேர்ந்தார். "இந்த வருஷம் பனி நல்லா இறங்குது. உளுந்துக்கு ரொம்ப நல்லது. தண்ணியே இல்லாம பனியிலேயே விளையற பயிரு" என்றார். பெற்றோர் பக்கத்திலிருந்து பெரிய கைதட்டல். நான் கைதட்டவில்லை.

ரிஃபா குனிந்து பார்த்தாள். கைகளைத் தொங்கவிட்டாள். எதுவும் தடுக்காமல் நேராகக் கீழே போயின.

"பாவாடையாயிருச்சு ஆன்ட்டி."

ஆதியில் இப்படித்தான் இருந்தது, தேவதைகள் எல்லாம் இதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினார்கள் என்று ஏதோ சொன்னேன். "தெரியும். எங்க பாலே மிஸ் சொல்லிருக்காங்க" என்றாள். "அது வேற டான்ஸ்." குரல் உடைந்தது. இத்தனை நாளில் அன்றுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். எனக்கு வடிகஞ்சிப் பானையைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது. எவர்சில்வர் பானை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதற்குள் மைக்கில், "அடுத்து, மேற்கத்திய நடனம்" என்று சொல்லிவிட்டார்கள். நஜ்மா போனைத் தூக்கிப் பிடித்தாள். வீடியோ காலில் ரிஃபாவின் அத்தா. ஒரு கிடங்கு வாசலில், சட்டைக்கு மேல் மஞ்சள் பட்டை போட்ட மேலங்கியோடு நின்றுகொண்டிருந்தார். "அடுத்த லோடு வர்றதுக்குள்ள பாத்துருவேன், போடுங்க போடுங்க" என்றார். ரிஃபா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

நின்றால்

நான் மேடையின் ஓரத் திரைக்கு அருகில் நின்றேன். இசை ஆரம்பித்தது. அவள் ஆடினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருஷம் தனியாகப் பழகியதை எல்லாம் ஆடினாள். கால் நன்றாகத்தான் பேசியது. ஆனால் குதிக்கும்போதெல்லாம் நனைந்த பாவாடை சொத்தென்று காலில் ஒட்டியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் தலை குனிந்துவிட்டது.

ஆட்டத்தின் முடிவில் ஒரு சுற்று. ஒற்றைக் காலில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ சுழன்று, கையை மேலே தூக்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். அவள் சுழல ஆரம்பித்தாள்.

முதல் சுற்றில் ஓரம் காலை விட்டு விலகியது. அடுத்ததில் தொடைக்கு ஏறியது. அதற்கடுத்ததில் நேராக, தட்டையாக, இடுப்பில் குறுக்காக நின்றது. நான் மாடிக் கொடியிலிருந்து எடுத்தபோது இருந்த மாதிரியே இருந்தது. ரிஃபா குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் நிற்கவில்லை. பாடம் முடிந்தும் சுழன்றாள். காலை ஊன்றி ஊன்றி, மறுபடி எழும்பி எழும்பிச் சுழன்றாள். இசை முடிந்துவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மறுபடி போட்டார். பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். டுட்டுவிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கஞ்சித் தண்ணீர் முன்வரிசை சோபா வரைக்கும் தெறித்தது. சீஃப் கெஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பனி என்று நினைத்திருப்பார். சிரித்த பின்வரிசை எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைக்கப் போனால் அதிலும் கஞ்சி வாசம்.

முடியாமல் போனபோது நின்றாள். ஒரு காலை முன்னால் வைத்து, கையைத் தூக்கி, சரியாகத்தான் நின்றாள். டுட்டு மட்டும் ஒரு விநாடி யோசித்துவிட்டு இறங்கியது.

சீஃப் கெஸ்ட் மேடையேறி பொன்னாடை போர்த்தினார். அது அவளைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் மூடிவிட்டது. தாளாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "ரொம்ப சந்தோஷம்மா. நான் சொன்னதை மனசுல வச்சு இறக்கிட்டீங்க" என்றார். பரவாயில்லைங்க சார் என்றேன்.

கொட்டகைக்குப் பின்னால் ரிஃபா ஸ்டூலில் உட்கார்ந்து தலை சுற்றல் நிற்கக் காத்திருந்தாள். "ஆடறப்போ பூரா சோத்து வாசம். பசிக்குது" என்றாள். நஜ்மா போனை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அவள் அத்தா இன்னும் கிடங்கு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்னால் லாரி ஒன்று பின்பக்கமாக வரும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"நல்லா ஆடுனம்மா. அத்தா பூரா பாத்தேன்" என்றார். "கடைசில ஏன் அவ்வளவு நேரம் சுத்துன? மயக்கம் வந்துருமில்ல? நடுவுல நிக்க வேண்டியதுதானே?"

"நின்னா இறங்கிரும் அத்தா" என்றாள் ரிஃபா.

படம் உறைந்துவிட்டதோ என்று நஜ்மா போனைத் தட்டிப் பார்த்தாள். உறையவில்லை, அவர் இமை கொட்டியது.

"ஆமாம்மா" என்றார். லாரியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "லோடு வந்துருச்சு, வைக்கிறேன்" என்றார்.

அதே ஆட்டோவில் திரும்பினோம். ரிஃபா டுட்டுவைப் போட்டுக்கொண்டே அம்மா மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். பின்சீட்டில் நான் உட்கார இடம் தாராளமாக இருந்தது.